பாதித் தொட்டி

2024 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை காலை, தூத்துக்குடி முயல் தீவுக்குத் தெற்கே 'ஸ்டெல்லா' என்ற சிறிய பாய்ப்படகு கவிழ்ந்தது. படகில் இரண்டு பேர் இருந்தார்கள். உரிமையாளர் ஜெஃப்ரி இறந்தார். படகோட்டி ரெக்சன் உயிரோடு மீட்கப்பட்டான்.

ஞாயிறு என்பதால் மீனவர் படகு ஒன்றுகூடக் கடலில் இல்லை. துறைமுகத்துப் படகு வந்து சேரும்வரை ரெக்சன் கவிழ்ந்த படகின் முதுகைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். ஜெஃப்ரி பாய்க்கு அடியில் கயிற்றில் சிக்கிக் கிடந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ரெக்சனின் அப்பா மனுவேல், மட்டக்கடைப் பக்கம் மருந்துக்கடைக்கு மேலே இருந்த பிளாரன்ஸின் அலுவலகத்துக்குப் படியேறி வந்தார். பிளாரன்ஸ் நாசரேத்துக்காரர். இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்து ஓய்வு பெற்றவர். பென்ஷன் வாங்கிக்கொண்டு வீட்டில் இருக்க முடியாமல் துப்பறியும் அலுவலகம் திறந்தவர். அவருக்கு உதவி தேவபிரசாதம். முன்பு துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் இருந்தான். வாய் சும்மா இருக்காது என்று அங்கிருந்து அனுப்பிவிட்டார்கள்.

"எம் மவன் மறக்குத பய இல்லம்மா," என்றார் மனுவேல். "கேஸ் அடுப்ப அணைச்சிட்டு வாசல் வரைக்கும் போயி, திரும்ப வந்து பாப்பான். அவன் போயி, டேங்குல தண்ணி ரொப்ப மறந்துட்டேன்னு போலீசுல எழுதிக் குடுத்திருக்கான்."

"அடிச்சாங்களா?"

"அடிக்கலன்னுதான் சொல்லுதான். அதான் எனக்குப் புரியல."

தேவபிரசாதம் நாற்காலியை அவர் பக்கம் தள்ளினான். அவர் உட்காரவில்லை.

"படகுதாம்மா சரியில்ல. அது ஊத்துப் படகு. அடியில தண்ணி கசியுத படகு. அத விட்டுட்டு எம் பயலப் பிடிச்சி வச்சிருக்காவ."

"நீங்க அந்தப் படகுல ஏறியிருக்கீங்களா?"

"நான் எதுக்கும்மா ஏறுதேன்? ஞாயித்துக்கெழம கடலுக்குப் போற படகு. எங்க சனம் ஞாயித்துக்கெழம வலையத் தொடாது. இவன் டூரிஸ்ட்ட ஏத்திக்கிட்டுப் போறான். அதச் சொல்லித்தான் எங்களுக்குள்ள பேச்சே நின்னுபோச்சு. ஆறு மாசமா ஒரே வீட்டுல ஊமையா இருக்கோம்."

"நீங்க என்ன வேலை பார்த்தீங்க?"

"தோணி. மாலத்தீவு, கொழும்பு எல்லாம் போயிருக்கேன்."

விஷயம் சுலபமாக இல்லை. விபத்துக்கு முந்தின வாரம்தான் ரெக்சன் ஜெஃப்ரியிடம், தனக்கு மும்பையில் கப்பல் வேலை கிடைத்திருக்கிறது, படகை விட்டுப் போகிறேன் என்று சொல்லியிருந்தான். இருவருக்கும் வாய்ச்சண்டை. ஜெஃப்ரியின் மனைவி ஷெர்லி அதைப் புகாரில் எழுதிவிட்டார். மறதி, பகை இரண்டும் சேர்ந்து நிற்க, ஜாமீன் கிடைக்கவில்லை. ஆகஸ்ட் முதல் வாரம் கப்பலில் ஏறாவிட்டால் அந்த வேலை இன்னொருவனுக்குப் போய்விடும். கொலை வழக்கு விழுந்தால் எந்தக் கப்பலும் அவனை ஏற்றாது.

மனுவேல் படியிறங்கிப் போனதும் தேவபிரசாதம் சொன்னான்: "மேடம், பெத்தவனுக்குப் பிள்ள திருடினாலும் பூட்டு மேலதான் கோவம் வரும். இவருக்குப் படகு மேல வருது."

"பூட்டைப் பார்த்துட்டு வருவோம். வண்டியை எடு."

பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகையில், இழுவண்டியின் மேல் ஸ்டெல்லா ஏறி உட்கார்ந்திருந்தது. வெள்ளை பைபர் உடம்பு. முறிந்த பாய்மரத்தைப் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றான் தேவபிரசாதம். "எங்க ஊரு ஷேர் ஆட்டோவுல இதவிடக் கூட ஆள் ஏறுமே."

கொட்டகையின் சொந்தக்காரர் பெனிஸ்டன் சிரிக்கவில்லை. படகுச் சவாரித் தொழிலில் ஜெஃப்ரியின் பங்காளி அவர்தான். ஒரு வாரத்தில் பத்து வயது கூடியவர் மாதிரி இருந்தார். படகுக்குள் அவர்களை ஏற்றி, தரையில் இருந்த படிப்பலகை ஒன்றைத் தூக்கினார். கீழே ஒரு வட்ட மூடி. திருகித் திறப்பது.

"இதுதான் தொட்டி. பெரிய பாய்ப்படகுன்னா அடியில ஈயமோ இரும்போ வச்சிருப்பாங்க. அந்தக் கனம்தான் காத்துல சாஞ்ச படகைத் திரும்ப நிமிர்த்தும். இதை வண்டியில கட்டி இழுக்கணும், அவ்வளவு கனம் ஆகாது. அதனால கடல் தண்ணியையே கனமா எடுத்துக்குது. கரைக்கு வந்தா திறந்துவிட்டுடலாம்."

"எப்படி ரொப்புறது?" என்று கேட்டார் பிளாரன்ஸ்.

"ரொப்பவே வேண்டாம், தானா ரொம்பும். படகு மிதக்கும்போது பின்னால இருக்கிற வால்வைத் திறந்து, இந்த மூடியையும் திறந்து வைக்கணும். கீழே தண்ணி ஏறும், இதுவழியா காத்து வெளியே போகும். கொஞ்ச நேரத்துல இந்தத் துளை விளிம்பு வரைக்கும் தண்ணி வந்து நிக்கும். விரலை விட்டா நனையும். அதோட வால்வு, மூடி ரெண்டையும் இறுக்கிடணும்."

"ரொப்ப மறந்துட்டா?"

"காலித் தொட்டியோட பாயைச் சுருக்கிட்டு மெல்லப் போய் வந்துடலாம். பாதிதான் சனியன்." பெனிஸ்டன் தண்ணீர் பாட்டில் ஒன்றைப் பாதியாக்கி மூடி, பலகைமேல் படுக்க வைத்தார். பலகையை லேசாகச் சாய்த்ததும் உள்ளே இருந்த தண்ணீர் மொத்தமும் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடியது. "பாருங்க. படகு எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கமே தண்ணியும் ஓடும். நிமிர்த்த வேண்டிய கனமே சேர்ந்து அமுக்கும். முழுசா நிறைஞ்சிருந்தா ஓட இடம் கிடையாது."

"கவிழ்ந்த அன்னிக்கு எவ்வளவு இருந்தது?"

"பாதி. போலீஸ் முன்னால நானே குச்சி விட்டுக் காட்டினேன்."

பிளாரன்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் எதிராளியின் கதையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று தேவபிரசாதத்துக்குத் தெரியும்.

"மறந்தவன் காலியா விட்டிருப்பான். ரொப்பினவன் நிறைச்சிருப்பான். பாதி யாருடைய வேலை?"

"கவுந்தப்போ கடல் தண்ணி புகுந்திருக்கும் மேடம்."

"அதுக்கு வழியில்லை," என்றார் பெனிஸ்டன். "வால்வு மூடியிருந்தது. இந்த மூடியைத் திறக்க ரெக்சன் ரெண்டு கையும் போட்டுத் திருக வேண்டியிருந்தது."

"ரெக்சனா திறந்தான்?"

"ஆமா. அவனைக் கரைக்குக் கொண்டுவந்தப்போ, நேத்தே ரொப்பினேன், நேத்தே ரொப்பினேன்னு அதையேதான் சொல்லிட்டிருந்தான். சாயங்காலம் படகை இழுத்துட்டு வந்ததும் இன்ஸ்பெக்டர் அவனை ஏத்தி, தொட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். திறந்தான். மூடியைக் கையில வச்சுட்டு அப்படியே நின்னான். அப்புறம், மறந்துட்டேன் சார்னான்."

"பொய் வெளுத்துப்போச்சு, ஒத்துக்கிட்டான்," என்றான் தேவபிரசாதம்.

"தண்ணியைப் பார்த்துட்டு நின்னானா, மூடியைப் பார்த்துட்டு நின்னானா?"

பெனிஸ்டன் யோசித்தார். "மூடியை."

பிளாரன்ஸ் குனிந்து மூடியைத் திருகி எடுத்தார். அதன் மரைகளில் பழுப்பு நிறத்தில் ஒரு பஞ்சுத் திரி நெருக்கமாகச் சுற்றியிருந்தது. மேலே ஏதோ பிசின். தேவபிரசாதத்தின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"கோயில் வாசம் அடிக்கி மேடம். யாரோ சாம்பிராணி போட்டிருக்கான்."

"குங்கிலியம். நீங்க சுத்தினதா, பெனிஸ்டன்?"

"இல்லையே. உள்ளே ரப்பர் வாஷர் இருக்கு. பஞ்சு எதுக்கு?"

"ரெக்சன்?"

"அவன் பைபர் படகுப் பையன். ஓட்டைன்னா கடையில பசை வாங்கி அப்புவான். இதெல்லாம் அவனுக்கு வராது."

தேவபிரசாதம் தொண்டையைச் செருமினான். காலையிலிருந்தே ஒரு கேள்வியை மடியில் கட்டி வைத்திருந்தான். "படகுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு சார்?"

"போன மாசமே முடிஞ்சுது. புதுப்பிக்கலை. எனக்கு எல்லாமே போச்சு," என்றார் பெனிஸ்டன்.

தேவபிரசாதம் தன் சந்தேகத்தைச் சத்தமில்லாமல் மடித்து உள்ளே வைத்துக்கொண்டான்.

இறங்கும்போது பிளாரன்ஸ் படகுக்கு அடியில் குனிந்து பார்த்தார். தொட்டியில் அந்தப் பாதித் தண்ணீர் இன்னும் இருந்தது. படகின் அடிவயிற்றில் ஈரம் இல்லை. கீழே சிமெண்ட் தரையில் தூசி அப்படியே படிந்து கிடந்தது.

வெளியே வந்து ஸ்கூட்டரில் ஏறாமல் நின்றார்.

"மரத் தோணியில பலகைக்கு நடுவே பஞ்சைத் திணிச்சு, குங்கிலியம் பூசி அடைப்பாங்க, தெரியுமா?"

"கலப்பத்து. துறைமுகத்துல பாத்திருக்கேன். அப்போ எவனோ ஒரு தோணிக்காரன் சனிக்கெழமை படகுல ஏறி, பாதித் தண்ணிய எடுத்திருக்கான். ஜெஃப்ரிக்கு எதிரி."

"எதிரி ஓட்டை போடுவான். இவன் அடைச்சிருக்கான்."

தேவபிரசாதம் வண்டியைக் கிளப்பினான்.

கிளைச் சிறையின் பார்வையாளர் அறையில் ரெக்சன் கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றான். உதட்டில் வெயில் உரித்த தோல் இன்னும் ஆறவில்லை.

"உங்க அப்பா அனுப்பினாங்க," என்றார் பிளாரன்ஸ்.

அவன் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "எதுக்கு? நாந்தான் எல்லாம் சொல்லிட்டேனே. மறந்துட்டேன்."

"மறந்தா தொட்டி காலியால்ல இருக்கணும்?"

"பாதி ரொப்பினேன். பெறவு மறந்துட்டேன்."

"பாதியில வால்வை மூடிட்டு, மூடியையும் இறுக்கிட்டு மறந்தியா? ஏல, நல்லா மறந்திருக்கே," என்றான் தேவபிரசாதம்.

ரெக்சன் அவனைப் பார்க்கவில்லை.

"மூடியில என்னமோ சுத்தியிருக்கே, அது யார் சுத்தினது?" என்று கேட்டார் பிளாரன்ஸ்.

"நாந்தான்க்கா. பஞ்சும் குங்கிலியமும். தண்ணி வரக்கூடாதுன்னு."

"எந்தத் தண்ணி? அந்த மூடி காத்து போறதுக்கு. அது வழியா தண்ணி எப்படி வரும்னு படகோட்டி உனக்குத் தெரியாதா?"

ரெக்சன் கம்பியை இறுக்கிப் பிடித்தான்.

"குங்கிலியத்தை எதுல குழைச்சே?"

அவன் கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். காவலர் ஒருவர் நேரமாயிற்று என்று கையைக் காட்டினார்.

"அக்கா," என்றான் ரெக்சன். குரல் தணிந்திருந்தது. "எனக்கு எத்தன வருசம்னாலும் பரவால்ல. வயசு இருக்கு, கழிச்சிட்டு வந்திருவேன். இத இத்தோட விட்டுருங்க. வீட்டுல யார்ட்டயும் இந்த மூடியப் பத்திக் கேக்காதீங்க. கையெடுத்துக் கும்பிடுதேன்."

வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பாமல் தேவபிரசாதம் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வழக்கமாக இந்த இடத்தில் அவனிடம் ஒரு நகைச்சுவை இருக்கும். தேடிப் பார்த்தான்.

"வீட்டுலன்னு சொல்லுதான் மேடம்."

"ஆமா. படகுல காலே வைக்கலன்னு சொன்ன மனுஷனுக்கு அது ஊத்துப் படகுன்னு எப்படித் தெரிஞ்சுது? உள்ளே தண்ணி நிக்கிறதைப் பார்த்திருந்தாத்தானே சொல்ல முடியும்?"

"நமக்கு வேலை குடுத்தது அவரு."

"அவர் குடுத்த வேலை, பிள்ளையை வெளியே கொண்டு வர்றது."

"அதுக்கு அவரையே உள்ள அனுப்பணுமா? மேடம், இப்பிடியே ஆபீசுக்குப் போயிருவோம். ஒண்ணும் கெடைக்கலன்னு சொல்லுவோம். பயலே அதத்தான கேக்கான்?"

"அவன் கேக்கிறான். கப்பலைத் தொலைக்கிறதும் அவன்தான். ஷெர்லி காலம் முழுக்க வெறுக்கப்போறதும் அவனைத்தான்." பிளாரன்ஸ் ஹெல்மெட்டை மாட்டினார். "அப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்காம மகன் எடுத்த முடிவு இது. அவர் என்ன சொல்றார்னு கேட்போம். வண்டியை எடுப்பா."

திரேஸ்புரத்தில் மனுவேலின் வீடு கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருந்தது. மத்தியான வெயில். மேற்கேயிருந்து வீசிய கச்சான் காற்று தெருப் புழுதியைக் கடலைப் பார்த்துத் துரத்திக்கொண்டிருந்தது. மனுவேலின் மனைவி ஆக்னஸ் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, சுவரோரம் நின்றார்.

"ஊத்து எங்கன இருந்துச்சுன்னு காட்டுவீங்களா?" என்று கேட்டார் பிளாரன்ஸ். "கோர்ட்டுல சொல்லணும்."

தேவபிரசாதம் தம்ளரைப் பார்த்துக்கொண்டான். மேடம் குற்றம் சாட்டுகிற கேள்வியைக் கேட்பதில்லை. உதவி கேட்பார். ஆட்கள் தாங்களாகவே கதவைத் திறந்துவிடுவார்கள்.

"படிக்குக் கீழ," என்றார் மனுவேல். பெரிய பாரம் இறங்கியவர் மாதிரி கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. சனிக்கெழம சாயங்காலம் போனேன். மறுநாள் அவன் போறதத் தடுக்க முடியாது. படகாச்சும் நல்லா இருக்கான்னு பாக்கணும்லா? பய பாய் எடுக்கப் போற வரைக்கும் பொறுத்திருந்து ஏறினேன். படியத் தூக்கி மூடியத் திறந்தா, கைக்கெட்டுத மட்டத்துல தண்ணி. நக்கிப் பாத்தேன், உப்பு. படகுக்குள்ள அவ்வளவு கடத்தண்ணி நின்னா என்ன அர்த்தம்?"

"அதனால?"

"கைப்பம்பு கொண்டுபோயிருந்தேன். எறச்சேன். பாதி எறச்சிருப்பேன், தூரத்துல பய வண்டிச் சத்தம் கேட்டுச்சு. ஊத்து அந்தத் துளையிலதான் ஏறுதுன்னு நெனச்சி, பையில இருந்த பஞ்சச் சுத்தி, குங்கிலியத்தப் பூசி, மூடிய இறுக்கிட்டு அந்தப் பக்கமா எறங்கிட்டேன்."

"அன்னிக்குத்தான் சட்டையெல்லாம் உப்பா வந்தாவ," என்றார் ஆக்னஸ். "கேட்டதுக்கு, நடந்துட்டு வாறேன்னாவ."

"என்னத்தச் சொல்ல? பேசாத பயலுக்குப் போயி படகு அடச்சிட்டு வந்தேன்னா சொல்ல முடியும்?" மனுவேல் பிளாரன்ஸ் பக்கம் திரும்பினார். "நான் பாதியாவது எறச்சேன், அதுக்கே கவுந்துட்டு. அப்பிடியே விட்டிருந்தா கரைய விட்டே போயிருக்காதும்மா."

தேவபிரசாதத்துக்கு எழுந்து வெளியே போய்விடத் தோன்றியது.

"தோணிக்கு அடிப்பாரம் என்ன போடுவீங்க?" என்று கேட்டார் பிளாரன்ஸ்.

"சரக்கு இல்லாம வந்தா மணலு. கல்லு."

"இந்தப் படகுக்கு அடிப்பாரம் தண்ணி. ரெக்சன்தான் ரொப்பி வச்சிருந்தான். விளிம்பு வரைக்கும்."

மனுவேல் சிரிப்பதுபோல ஆரம்பித்தார். "தண்ணியவா? தண்ணிய எவனாச்சும் அடிப்பாரமா..."

நிறுத்தினார். பிளாரன்ஸ் மேலே விளக்கவில்லை. விளக்கத் தேவையும் இருக்கவில்லை. சரக்கறையில் பாதி மட்டும் ஏற்றிய உப்பு நடுக்கடலில் சரிந்தால் தோணி என்ன ஆகும் என்று வாழ்நாள் முழுக்கப் பார்த்தவர் அவர். அவருடைய வலது கை தானாக எழுந்து, உள்ளங்கை மேலே பார்க்க, மெதுவாக ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்த கையை அவரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாஞ்ச பக்கமே ஓடியிருக்கும்," என்றார்.

ஆக்னஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அந்தப் பிள்ள ஜெஃப்ரி," என்றார் மனுவேல். "நாந்தானா?"

அவர் கையை மடியில் இறக்கி வைத்தார்.

"எம் மவனுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் பிளாரன்ஸ். "போலீஸ் திறக்கச் சொன்னப்போ மூடியில இருந்த கலப்பத்தைப் பார்த்தான். அதுவரைக்கும் ரொப்பினேன்னுதான் சொல்லிட்டிருந்தான். உங்க கைவேலையைப் பார்த்த பிறகுதான் மறந்துட்டேன்னு சொன்னான். இன்னிக்கு எங்களையும் இங்கே கேட்க வேண்டாம்னு கும்பிட்டான்."

மனுவேல் எழுந்து நின்றார். பிறகு ஆக்னஸைப் பார்த்து, "ஏளா, அந்த வெள்ளச் சட்டைய எடு," என்றார்.

"எங்க போறிய?"

"ஸ்டேசனுக்கு." அவர் பிளாரன்ஸிடம் கேட்டார்: "நான் சொன்னா அவன விட்டுருவாவளா?"

"உடனே இல்லை. ஆனா விடுவாங்க. உங்க மேல வழக்கு வரும். ஒரு வக்கீலைப் பார்த்துட்டுப் போகலாம், அவசரமில்லை."

"எம் மேல தப்பு இல்லன்னு சொல்லத்தான வக்கீலு? வேண்டாம்மா. வழியில அந்தப் பிள்ள வீட்டுக்கு ஒருக்கா போயிட்டுப் போணும். அவ ஏசினா ஏசட்டும்."

தேவபிரசாதம் எழுந்தான். "வாங்கண்ணாச்சி. நான் கூட வாறேன்," என்றான்.

ஷெர்லி கதவைத் திறக்கவில்லை. அன்று மாலை மனுவேல் காவல் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்தார். மறுவாரம் ரெக்சன் ஜாமீனில் வந்தான். பின்னர் வழக்கிலிருந்து அவன் பெயர் நீக்கப்பட்டது. கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக மனுவேல் மீது வழக்குப் பதிவானது. அதற்குள் மும்பைக் கப்பலில் ரெக்சனின் இடத்துக்கு வேறொருவரை எடுத்துக்கொண்டார்கள்.